நியூட்ரல் விழும் சத்தம்

ஓசூரில் கேபிள் தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது. 1980-ல் டி.வி.எஸ். 50 இந்த ஊரிலிருந்துதான் வெளியே வந்தது. அன்று முதல் இங்குள்ள பட்டறைப் பையன்கள் எஞ்சினைப் பிரிக்கக் கற்பதற்கு முன்பே பிரேக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் மாட்டப் பழகிவிடுகிறார்கள். ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகக் கொஞ்ச தூரம் போனால் பொம்மசந்திரா. கேபிள் செய்வதையே பிழைப்பாக வைத்து 1985-ல் தொடங்கிய சுப்ரஜித் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் வண்டி, அந்தப் பக்கம் கேபிள்.

இப்படிப்பட்ட ஊரில், படகின் கியர் இறுகிவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால் அதுவும் பைக் மெக்கானிக்கின் கைக்குத்தான் போகும். கடல் இல்லாத மாவட்டம். படகு எஞ்சினுக்கென்று ஆள் தேடினால் காசிமேட்டுக்கோ கடலூருக்கோ வழி சொல்வார்கள். ஆனால் தண்ணீர் உண்டு. தென்பெண்ணையில் முதலில் கெலவரப்பள்ளி அணை; கீழே, காமராஜர் காலத்தில் 1950களின் இறுதியில் எழுந்த கிருஷ்ணகிரி அணை. ஏரிகளும் உண்டு. மோட்டார் படகு அரிதாகத்தான் வரும். வரும்போது கவனித்தால், ஒரு கைத்தொழில் தன் எல்லையைத் தொட்டுப் பார்ப்பது தெரியும். நான் ரசித்தது அதைத்தான்.

சின்னப் படகில் ஓட்டுநர் கைப்பக்கம் ஒரு பெட்டி. அதில் ஒரே ஒரு லீவர். நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். முன்னால் கொஞ்சம் தள்ளினால் கியர் விழும்; மேலும் தள்ளினால் அதே லீவர் திராட்டிலைத் திறக்கும். பின்னால் இழுத்தால் ரிவர்ஸ், பிறகு அதற்கான திராட்டில். கியரும் வேகமும் ஒரே கைப்பிடியில். பெட்டிக்குள்ளிருந்து இரண்டு கேபிள்கள் படகின் ஓரமாகப் பின்னால் ஓடி, அவுட்போர்டு எஞ்சினுக்குள் நுழைகின்றன. லீவர் இறுகினால் குற்றம் பெட்டியில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், எஞ்சின் முனையில் இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் கலை இருக்கிறது. அதற்கப்புறம் மிச்சமிருப்பது ஸ்பேனர் வேலை.

பைக் பழக்கம் இங்கே முதலில் கை கொடுக்கும், அடுத்து காலை வாரும். பைக் கேபிள் இறுகினால் என்ன செய்வோம்? முனையில் பாலிதீன் புனல் கட்டி, ஆயில் ஊற்றி, ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவோம். காலையில் வழுக்கிக்கொண்டு போகும். படகு கேபிளிடம் இந்த வித்தை பலிக்காது. எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் என்பவர் 1896-ல் காப்புரிமை வாங்கிய கேபிளின் பரம்பரைதான் நம் கிளட்ச் கேபிள். அதற்குத் தெரிந்தது இழுப்பது மட்டும். திரும்பி வருவதை ஒரு ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். படகு கேபிளுக்கு இழுக்கவும் தெரிய வேண்டும், தள்ளவும் தெரிய வேண்டும். முன்னால் போக ஒரு திசை, ரிவர்ஸுக்கு எதிர்த் திசை. நடுவில் உதவிக்கு ஸ்பிரிங் கிடையாது.

அதனால் இரண்டின் உடம்பும் வேறு. பைக் கேபிளின் அவுட்டர், பட்டைக் கம்பியை நெருக்கிச் சுற்றிய சுருள். உள்ளே இன்னரை இழுக்கும்போது அவுட்டர் நெருக்கப்படும்; சுருள் அதைத் தாங்கும். ஆனால் இன்னரைத் தள்ளினால் அவுட்டர் இழுபடும். சுருள் நீண்டு கொடுத்துவிடும். அதனால் படகு கேபிளின் அவுட்டரில் கம்பிகளைச் சுருட்டாமல் நீளவாக்கில் படுக்க வைத்து, மேலே பிளாஸ்டிக் போர்த்தியிருப்பார்கள். உள்ளே வழுக்கும் குழல், விறைப்பான இன்னர், தொழிற்சாலையிலேயே வைத்த கிரீஸ், இரு முனையும் அடைப்பு. வெளியிலிருந்து ஆயில் உள்ளே போகாது. அப்படியே கொஞ்சம் போனாலும் பழைய கிரீஸைக் கரைத்து விட்டு, ஒரு வாரம் நல்லபிள்ளை மாதிரி நடித்துவிட்டு மறுபடி இறுகும். இறுகிய படகு கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுவதுதான் முறை. எதையும் தட்டி நிமிர்த்திச் சரிசெய்து காட்டுவதில் பெருமை கொள்ளும் நம் பட்டறைகளுக்கு இது கசப்பான மருந்து.

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். படகு வந்ததும் அவர் ஸ்பேனரைத் தொடுவதில்லை. லீவரைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைப்பார். பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. திராட்டில் தானாக நழுவாமல் நிற்க இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. யாரோ எப்போதோ அதை முழுக்க முறுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தளர்த்தியதுமே பாதி நோய் போன படகுகள் உண்டு. “இதுக்காண்ணா இவ்வளவு தூரம் டிராலியில ஏத்திட்டு வந்தேன்?” என்று படகுக்காரர் தலையில் கை வைப்பார்.

திருகு காரணம் இல்லை என்றால் அடுத்து எஞ்சின் பக்கம். சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றிய பிறகே வேலை. “டேய் தம்பி, காத்தாடிய மெதுவா சுத்து” என்று பையனிடம் புரொப்பெல்லரைச் சுற்றச் சொல்லிவிட்டு, கேபிள் கழன்ற கியர் கையை விரலால் தள்ளிப் பார்ப்பார். அது லேசாக விழுந்தால் எஞ்சின் நிரபராதி. இனி கேபிளும் பெட்டியும். லீவரை அசைக்கும்போது தொடக்கத்தில் மட்டும் முரண்டு பிடித்துப் பிறகு வழுக்கினால், முனைக் குழாயில் துரு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கனத்தால், எங்கோ கேபிள் ஒடிந்து மடங்கியிருக்கிறது. தள்ளிவிட்டுக் கையை எடுத்ததும் லீவர் தானாகப் பின்வாங்கினால் அதுதான் மோசம். இன்னர் அசையவே இல்லை, அவுட்டர் வளைந்து கொடுத்ததைத்தான் நாம் நகர்வு என்று நம்பியிருக்கிறோம். பின்புறம் வரை கேபிளைத் தடவிக்கொண்டே போகும் அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்துத் தண்ணீர் இறங்கிய இடம், உள்ளே துரு உப்பி மேலே ஒரு சின்னப் புடைப்பாகத் தெரியும். கண்ணுக்கு முன்னால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இறுகிய கியருடன் ஓட்டிச் சமாளிப்பவர்கள் செய்யும் சேதம் கண்ணில் படாது. அவுட்போர்டின் அடிப்பகுதியில் முன்கியரும் பின்கியரும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பற்கள் கொண்ட ஒரு துண்டு நகர்ந்து ஏதாவது ஒன்றைக் கவ்வும். அதைக் கவ்வ வைக்க, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது லீவரைச் சட்டென்று தள்ள வேண்டும். காரில் பழகியவர்கள் மரியாதையாக மெள்ள மெள்ளத் தள்ளுவார்கள். பல்லும் பல்லும் நுனியில் உரசிக் கடகடக்கும். அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் பல்லின் முனையைக் கொஞ்சம் மழுக்குகிறது. கேபிள் இறுகினால் சட்டென்று தள்ளவே முடியாது. ஆக, மாற்றாமல் தள்ளிப்போட்ட ஒரு கேபிள், பிறகு கியர் செலவாகவே வரும். கரைக்கு நெருங்கும்போது நியூட்ரல் விழாமல் போவது இன்னொரு வகைச் செலவு; அதை அனுபவித்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

புதுக் கேபிள் ஓட்டும் விதத்தில் ஆளின் தரம் தெரிந்துவிடும். வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்த வகைக் கேபிளுக்குப் பொதுவான கணக்கு. ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும், லீவருக்கும் எஞ்சினுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டத்தையும் சேர்க்கும். அவசரக்காரர் குறுக்குவழியில் இழுத்துக் கட்டி, பிளாஸ்டிக் டையால் நெரித்துவிடுவார். நம்மவர் நீளத்தைக் கயிறு போட்டு அளந்து, எஞ்சின் இருபுறமும் முழுக்கத் திரும்பும்போது கேபிள் இழுபடுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கட்டுவார். லீவரையும் எஞ்சின் கையையும் நியூட்ரலில் நிறுத்தி, முனையைத் திருகித் திருகி, கொக்கி எந்தப் பக்கமும் இழுபடாமல் தானாகப் போய் உட்காரும் வரை விடமாட்டார். முனை போதுமான அளவு மரைக்குள் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வார். யமஹா எஞ்சின் என்றால் குறைந்தது 8 மில்லிமீட்டர்.

பிறகு அந்தச் சத்தம். பெட்டிக்குள் இருக்கும் குண்டு, நியூட்ரல் பள்ளத்தில் விழும் ‘டக்’. கைக்கடிகாரச் சாவியை வெளியே இழுக்கும்போது விரலில் படும் சொடுக்கு மாதிரி இருக்கும். டைட்டன் வாட்ச் செய்யும் ஊருக்கு அந்த நுணுக்கத்தைச் சொல்லித்தர வேண்டாம். இறுகிய லீவரில் இந்தச் சொடுக்கு உராய்வுக்குள் மூழ்கிப் போயிருக்கும். அது திரும்பி வந்ததும் ஓட்டுநர் லீவரைப் பார்க்கவே தேவையில்லை. கண் தண்ணீரில் இருக்கலாம்.

இதெல்லாம் உல்லாசப் படகுக்கு என்று நினைப்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துக்கொள்ளட்டும். ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். மாதக்கணக்கில் தார்ப்பாயின் கீழ் கிடந்த படகை அப்படி ஒரு நாளில் ஒரே மணி நேரத்தில் இறக்க வேண்டியிருக்கும். ஓட்டுகிற படகைவிட ஓட்டாமல் கிடக்கும் படகில்தான் கிரீஸ் மெழுகாக உறையும், முனைகளில் துரு பிடிக்கும். பெட்டியும் நீளக் கேபிளும் இல்லாமல், எஞ்சினிலேயே கைப்பிடி வைத்த சின்ன ரப்பர் படகுகளிலும் கியர் தண்டின் புஷ் இப்படித்தான் இறுகும். மாதத்துக்கு ஒரு முறை லீவரை முன்னும் பின்னும் தள்ளிவிட்டால், அந்த உறைதல் பாதியாவது குறையும்.

பேரத்தில் மட்டும் நம்மவர் கொஞ்சம் முரடர். “கியர் கேபிள் மட்டும் மாத்துங்கண்ணா, திராட்டில் நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். “ரெண்டும் ஒரே நாள் போட்டது சார். ஒரே வெயில்ல கிடந்தது. இன்னிக்கு அது, அடுத்த மாசம் இது. அப்ப மறுபடி பலகையெல்லாம் கழட்டணும்” என்று இரண்டையும் மாற்றிவிடுவார். கழற்றிய திராட்டில் கேபிள் இன்னும் வழுக்கினால் அதைத் தூக்கி எறிய மாட்டார். அவசரத்துக்குப் படகிலேயே போட்டு வைக்கச் சொல்லி, பதினாறு அங்குல அகலத்துக்குக் குறையாமல் வளையமாகச் சுருட்டிக் கொடுத்து அனுப்புவார்.