ஞானத்தை எதைக்கொண்டு அளப்பது?

நன்றாக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடிய ஐரோப்பிய மறுமலர்ச்சி அறிஞர்கள் பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவங்களை மறுபடி கையிலெடுத்தார்கள். 1417இல் போஜ்ஜோ பிராச்சியோலினி ஒரு மடாலயத்தில் லுக்ரீஷியஸின் நெடுங்கவிதையைக் கண்டெடுத்தார். எபிகூரஸின் நெறி அதன் வழியே திரும்ப வந்தது. அச்சமும் வலியும் தணிந்த மன அமைதியே அந்த நெறியின் அளவுகோல். 1562இல் ஆன்றி எஸ்தியென், செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸின் நூலொன்றை லத்தீனில் அச்சிட, ஐயவாதம் பரவியது. இருபுற வாதங்களும் சமமாக நிற்கும்போது தீர்ப்புச் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவரே ஐயவாதிகளுக்கு ஞானி. ஸ்டோயிக் நெறியை யாரும் புதிதாகக் கண்டெடுக்க வேண்டியிருக்கவில்லை. இடைக்காலத்திலும் செனெக்காவுக்கு வாசகர்கள் இருந்தார்கள். நேர்வது எதுவானாலும் கலங்காத உறுதியை அது கேட்டது. உள்நாட்டுப் போரில் நெதர்லாந்து சிதைந்துகொண்டிருந்த 1584இல், யூஸ்டுஸ் லிப்சியுஸ் அந்த உறுதியைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

இந்த மூன்றையும் தன் வாழ்க்கையில் உரசிப் பார்த்தவர் மிஷெல் த மொந்தேன் (1533–1592). போர்தோ நீதிமன்றப் பதவியை விட்டுவிட்டு, 1571இல் தன் மாளிகையின் கோபுர நூலகத்தில் ஒதுங்கினார். அதன் உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதிவைத்தார். அவற்றுள் செக்ஸ்டஸின் தொடர்களும் உண்டு. வெளியே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டினருக்கும் போர். உயிர் நண்பர் லா போயெசி 1563இலேயே போய்விட்டார். பிறந்த ஆறு பெண்களில் ஒருத்தி மட்டுமே பிழைத்தாள். மரணத்துக்குப் பழகிக்கொள்வதே தத்துவம் என்று அவர் தொடக்கத்தில் எழுதியதில் வியப்பில்லை.

மொந்தேன் முதலில் ஸ்டோயிக், பிறகு ஐயவாதி, கடைசியில் எபிகூரியர் என்று மூன்று படிகளாக வகுத்துச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1580இல் இரண்டு பகுதிகளாக வந்த கட்டுரைகளுக்கு 1588இல் மூன்றாவதைச் சேர்த்தார். அதன் பிறகும் அச்சுப் பிரதியின் ஓரங்களை எழுதி எழுதி நிரப்பினார். பழைய எண்ணத்தைப் பெரும்பாலும் அடிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே புதியதை எழுதினார். எந்த நெறியையும் அவர் முழுதாகக் கைவிட்டதில்லை.

மாறியது அளவுகோல். 1585இல், போர்தோவின் மேயர் பதவி முடிந்த காலத்தில், கொள்ளைநோய் பரவியது. குடும்பத்தோடு மாதக்கணக்கில் இடம்விட்டு இடம் அலைந்தார். சுற்றுப்புறக் குடியானவர்கள் தங்கள் குழியைத் தாங்களே வெட்டிவைத்து அமைதியாகச் செத்ததைப் பார்த்தார். அவர்கள் செனெக்காவைப் படித்தவர்கள் அல்லர். அதற்குப் பின் எழுதிய பக்கங்களில் சாவை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கும் அறிவின் மேல் அவருக்கு நம்பிக்கை குறைகிறது. ஊர் பார்க்கச் செய்யும் வீரத்தைவிட, தன் வீட்டுக்குள், மனைவியும் வேலையாட்களும் பார்க்க ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதே அவருக்குப் பெரிய சோதனையாகிறது. இந்த முடிவுதான் மொந்தேனை எனக்கு மற்றவர்களைவிட நெருக்கமாக்குகிறது. சாகும் நேரத்து உறுதியைக் கொண்டு ஒருவரை அளந்தால், அவர் வாழ்ந்த அத்தனை நாளும் கணக்கில் வராமல் போகிறது.

சிறுநீரகக் கல் அவரை ஆண்டுக்கணக்கில் வதைத்தது. கடைசிக் கட்டுரையான 'அனுபவம் பற்றி'யில் அந்த வலியையும், முலாம்பழத்தில் தனக்குள்ள ஆசையையும், உறங்கும் முறையையும் ஒரே மதிப்போடு எழுதுகிறார். உடலை ஒதுக்கிவிட்டு ஞானம் பேசுவதை அவர் ஏற்கவில்லை.

அவரோடு பழகிய பாதிரியார் பியேர் ஷாரோன், 1601இல் 'ஞானம் பற்றி' என்ற நூலை வெளியிட்டார். மொந்தேனின் கருத்துகளை ஏராளமாக எடுத்து மூன்று பகுதிகளாக ஒழுங்குபடுத்தியிருந்தார். 1605இல் அது திருச்சபையின் தடைப்பட்டியலில் ஏறியது; மொந்தேனின் கட்டுரைகள் ஏறியதோ 1676இல். ஷாரோனின் வரிசை தெளிவானது, பாடம் நடத்த உதவும். ஆனால் எண்ணம் பிறந்து, தயங்கி, திரும்பி வரும் வழி அதில் கிடைக்காது. மொந்தேனைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் ஷாரோனின் சுருக்கத்தை விட்டு, நேராக 'அனுபவம் பற்றி'யிலிருந்தே தொடங்கலாம்.