குளிர்நீர்க் குழாயின் வரப்புகள்

சில்டு வாட்டர் லைன் ஒன்றின் தரத்தை எடைபோட வேண்டுமானால், ஏறத்தாழ ஐந்து மீட்டருக்கு ஒருமுறை வரும் அந்த ஓர் அடி நீளத்தைப் பார்த்தால் போதும். இடைப்பட்ட தூரத்தில் நைட்ரைல் ரப்பரை வெட்டி, பசை தடவி, மூடிக்கொண்டு போவது பழகிய கைக்குப் பெரிய காரியமல்ல. சப்போர்ட் வரும் இடத்தில்தான் எடை, குளிர், நீராவி, அசைவு நான்கும் ஒன்றுகூடிக் கைவேலையைச் சோதிக்கின்றன. ஆனால் தளத்தில் நடக்கும் பேச்சில் எடை ஒன்றுதான் காதில் விழுகிறது: குழாய்க்கு அடியில் வைக்கும் இந்தக் கட்டை எத்தனை கிலோ தாங்கும், அந்த ராடு எத்தனை கிலோ தாங்கும். கேட்க வேண்டிய கேள்விதான், விடை சுலபமானது. கட்டையின் அருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. வயலுக்கு வரப்பு எப்படியோ, இன்சுலேஷன் செய்த குழாய்க்குக் கட்டை அப்படி. ஒரு பாத்தியில் புகுந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் நிறுத்துவதே அதன் தலையாய வேலை என்பது என் கட்சி.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆறு அங்குல ஷெட்யூல் 40 குழாய், உள்ளே தண்ணீரோடு, மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. 5.2 மீட்டருக்கு ஒரு ஹேங்கர் என்றால் ஒவ்வொன்றிலும் 240 கிலோவுக்குக் குறையாமல் தொங்கும். 40 மி.மீ. அகலப் பட்டையை நைட்ரைல் மேல் நேரே போட்டால் சதுர செ.மீ.க்கு மூன்றரை கிலோ விழுகிறது. ரப்பர் அந்த இடத்தில் அப்பளமாகிவிடும். அதே சுமையை 300 மி.மீ. நீளத்துக்குக் கட்டையும் அதைத் தாங்கும் சேடில் தகடுமாகப் பரப்பினால் சதுர செ.மீ.க்கு அரை கிலோகூட வராது. கன மீட்டருக்கு 160 கிலோ அடர்த்தியுள்ள பஃப் (பாலியூரிதேன் நுரை) கட்டைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சேடில் தகடு மட்டும் வளையாத கனத்தில், ஓரங்கள் சற்று வெளியே மடிந்து இருந்தால் போதும். ஓரம் மடியாத தகடு, கட்டை மேல் சுற்றிய அலுமினியத் தாளைக் கத்தி போல அறுத்துவிடும். இதைச் சொன்னால் அற்ப விஷயமாக எண்ணுபவர்களே அதிகம்.

நீராவியின் கணக்கு இவ்வளவு சுலபத்தில் முடிவதில்லை. சென்னையில் கடற்காற்று புகுந்த மாலையில் 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் சர்வ சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. அதில் நீராவியின் அழுத்தம் 3.3 கிலோபாஸ்கல், 7 டிகிரியில் கிடக்கும் குழாயின் மேற்பரப்பில் அது 1 கிலோபாஸ்கல். ஆக, இரண்டேகால் கிலோபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தம் இரவு பகல் பாராமல் நீராவியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பனிநிலை 15 டிகிரியில் நிற்கும் குளிர்நாட்டுக் கோடையில் இது முக்கால் கிலோபாஸ்கலுக்கும் கீழே. அங்கே தப்பித்துக்கொள்ளும் ஒட்டு இங்கே தப்பிக்காது. அந்த நாடுகளின் வரைபடத்தை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டுகிறவர்கள், மூன்று மடங்கு தள்ளுதலுக்கு எதிரே அதே ஒட்டை நிறுத்துகிறார்கள்.

இந்த இடத்தில் மரக்கட்டைப் பிரியர்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. மரம் பல ஆண்டுகள் உழைத்த பொருள். நசுங்காது, தளத்திலேயே அறுத்துக்கொள்ளலாம், விலையும் குறைவு. இவை எல்லாம் உண்மை. ஆனால் கெட்டி மரம் நைட்ரைலைவிட நான்கைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆறு அங்குலக் குழாயில் 25 மி.மீ. நைட்ரைல் போட்டால், மேலே சொன்ன மாலையில் அதன் வெளிப்பரப்பு 28 டிகிரிக்கு மேலே நிற்கும், வியர்க்காது. அதே பருமனில் காய்ந்த மரம் வைத்தால் கணக்குப்படி 22 டிகிரிக்கு இறங்கிவிடும். பனிநிலையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தவே மரத்துக்கு 50 மி.மீ. பருமன் வேண்டும். இது காய்ந்த மரத்தின் கணக்கு. ஈரம் ஏறியபின் நிலைமை இன்னும் மோசம். தவிர, மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். இரண்டு அரைவட்டங்கள் சேரும் இடம் ஒரே பருவத்தில் வாய் திறந்துவிடும். ரேகை ஓடும் திசையில் ஈரம் வழுக்கிக்கொண்டு போகும். சூடான தாரில் ஊறவைத்தால் இவற்றில் பாதியைத் தடுக்கலாம். இப்போது பல இடங்களில் அந்த ஊறவைத்தலே போய், மேலே ஒரு கோட் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அறுத்த முகத்தில் அந்தப் பெயிண்டும் கிடையாது. மரத்துக்கு வாதாடுகிறவர்கள் பழைய மரக்கட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்; இன்று கைக்கு வருவது அதுவல்ல.

சரி, பஃப் கட்டை வைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. என் ஈர்ப்பெல்லாம் அந்தக் கட்டையின் உள்வளைவில் இருக்கிறது, குழாயைத் தொடும் பரப்பில். பெரும்பாலான தளங்களில் அங்கே பசையே போவதில்லை. கட்டையைக் குழாயில் கவ்வவைத்து, வெளியே டேப் சுற்றி, கிளாம்பை முடுக்கிவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் மேல்தோல் எங்கோ ஓர் ஊசிமுனை அளவு திறந்தாலும் நீராவி உள்ளே வந்து குழாய் மேல் தண்ணீராகும். நைட்ரைல் மூடிய கண்ணறைப் பொருள், தண்ணீரை உறிஞ்சாது. அதனாலேயே அந்தத் தண்ணீர் ரப்பருக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்தில் குழாயோடு ஓடும். ஒரு கட்டையைத் தாண்டும், இன்னொன்றைத் தாண்டும், இருபது மீட்டர் தள்ளி ஏதோ ஒரு வளைவில் சொட்டும். வழியெல்லாம் இரும்பு மூடிய இருட்டில் துருப்பிடிக்கும். உள்வளைவு முழுக்கப் பசை தடவி, துடைத்து உலர்ந்த குழாயில் ஒட்டிய கட்டை இந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. அதன் இரு முகங்களிலும் நைட்ரைலின் வெட்டுமுனையைச் சற்று அழுத்தி ஒட்ட வேண்டும். கட்டை சேடிலைவிட இருபக்கமும் ஓர் அங்குலம் நீண்டிருக்க, அதன் மேல்தாள் ரப்பர் மேல் ஏறிப் படிய வேண்டும். அப்போது லைன் முழுவதும் ஐந்து மீட்டர் பாத்திகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பாத்தி கெட்டால் அந்த ஒரு பாத்திதான் கெடும்.

இதற்கு எழும் மறுப்புகளில் ஒன்று, ஐந்து மீட்டரில் ஓர் அடி என்பது ஏறத்தாழ ஆறு சதவீதம்தானே, அதில் போகிற குளிர் எவ்வளவு என்பது. குளிரின் நஷ்டம் கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடத்தில் ஓட்டையின் அளவைப் பார்த்தா தண்ணீர் காலியாகிறது? மின்கட்டணத்தில் தெரியாத அந்த ஓர் அடி, ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு வட்டமாகத் தெரியும். இன்னொரு மறுப்பு கனமானது: குழாய் சுருங்கி விரியுமே, கட்டையை ஒட்டிவிட்டால் ஒட்டு பிய்ந்துபோகாதா? 30 மீட்டர் இரும்புக் குழாய் 32 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு இறங்கினால் 9 மி.மீ. சுருங்கும். அந்த 9 மி.மீ. எங்கே நகரட்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டை குழாயோடு சேர்ந்து போகட்டும். சேடில் கிளாம்புக்குள் வழுக்கட்டும், அல்லது ஹேங்கர் ராடு சற்றே சாயட்டும். நகர்வு எப்போதும் தோலுக்கு வெளியே நடக்க வேண்டும். யூ போல்ட்டை முழு பலத்தோடு முடுக்குகிறவர், வழுக்க வேண்டிய இடத்தைப் பூட்டிவிட்டு, ஒட்டியிருக்க வேண்டிய இடத்தைப் பிய்க்கிறார். ஒட்டு பிய்ந்தது பசையின் குற்றமாகப் பதிவாகிறது. ஸ்பானரை யாரும் விசாரிப்பதில்லை.

அடர்த்தி ஏற ஏற நல்லது என்ற ருசியும் ஒன்று உண்டு. கன மீட்டருக்கு 320 கிலோ கட்டை வைத்தால்தான் நிம்மதி என்பார்கள். அடர்த்தியோடு வெப்பக் கடத்தலும் ஏறுகிறது. தேவைக்கு மேலான பலத்தை வாங்கி, அதற்கு விலையாக வியர்வையை வரவழைத்துக்கொள்வது எனக்கு உவப்பாக இல்லை. குழாயை நேரே கிளாம்ப் செய்து, கிளாம்பையும் ராடையும் சேர்த்து மூடிவிடலாம் என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு அந்தக் குளிரை ராடு வழியே மேலே கொண்டுபோகும். எவ்வளவு உயரம் மூடினாலும், மூடாத இடம் தொடங்கும் விளிம்பில் நீராவிக்கு ஒரு வாசல் இருந்தே தீரும். ஏ.சி.யின் செப்புக் குழாய்களில் வயர் டை போட்டு நைட்ரைலின் இடுப்பை இறுக்குவதும், பட்டையை ரப்பர் மேல் நேரே போடும் தவறின் சிறிய வடிவம். அரைவட்ட பிவிசி துண்டு ஒன்றை இடையில் வைத்தாலே பாதி தீரும்.

வேலையின் தரம் இறங்கியதற்குப் பொருளைக் குறை சொல்ல வழியில்லை. கட்டைகள் முன்னைவிட நன்றாகவே வருகின்றன. கெட்டுப்போனது வரிசை. கட்டை முதலில் ஒட்டப்பட்டு, பசை உலர ஒரு நாளுக்கு மேல் விட்டு, பிறகு சில்லர் ஓட வேண்டும். திறப்பு விழா நெருங்கியதும் சில்லர் முதலில் ஓடுகிறது. வியர்த்துக்கொண்டிருக்கும் குழாய் மேல் பசை பூசப்படுகிறது. ஈரத்தின் மேல் பூசிய பசை தண்ணீரையே உள்ளே வைத்துப் பூட்டும். தூத்துக்குடி மீன் பதன ஆலைகளைப் போன்ற இடங்களில், மைனஸ் 40 டிகிரி அம்மோனியா லைனில், இந்த அவசரத்துக்கு மன்னிப்பே கிடையாது. உள்ளே புகுந்த நீர் பனிக்கட்டியாகி ஒன்பது சதவீதம் ஊதி, இன்சுலேஷனைத் தானே பிளந்துகொண்டு வெளியே வரும்.

சில்டு வாட்டர் லைனில் அப்படி வெடித்துக் காட்டுவதில்லை, சொட்டித்தான் காட்டும். உள்வளைவு ஒட்டாத லைனில் சொட்டைக் கண்டால், மேட்டுப் பக்கம் முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒட்டிய லைனில் சொட்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஏணியைப் போட்டால் போதும்.