அமைப்பு, ஜனநாயகம், மாற்றம்: கண்ணூர் பீடித் தொழிலாளர்களை முன்வைத்து

அமைப்பு என்று சொன்னவுடனே நம்மில் பலருக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது. கட்சிகளுக்குள் இருந்து காயம்பட்டு வெளியே வந்தவர்கள் நிறையப்பேர் புழங்கும் சூழல் இது. ஒவ்வாமைக்கு நியாயம் உண்டு. அதிகாரத்தை மறுக்கிறோம், ஆகவே அமைப்பையே மறுக்கிறோம் என்கிறார்கள். சரி, மறுத்த பிறகு என்ன நடக்கிறது? பத்துப்பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்குகிறோம். இங்கே எல்லாரும் சமம் என்று முதல் இதழிலேயே போட்டுக்கொள்கிறோம். ஆனால் எந்தக் கட்டுரை வரும், எது வராது என்பதை யார் முடிவு பண்ணுகிறார் என்று பத்துப்பேருக்கும் தெரியும். இல்லாத பதவியிலிருந்து ஒருத்தரை எப்படி இறக்குவது? அமெரிக்கப் பெண்ணியக் குழுக்களின் அனுபவத்திலிருந்து ஜோ ஃப்ரீமன் 1970இல் சொன்னது இதைத்தான்: வடிவம் இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, வெளியே தெரியாத வடிவம்தான் உண்டு.

மறுமுனையில் ராபர்ட் மிஷெல்ஸ். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை முன்வைத்து 1911இல் அவர் எழுதிய நூலின் முடிவு: அமைப்பு வளர்ந்தால் சிலரின் ஆட்சி வந்தே தீரும். இதை இரும்பு விதி என்றார். இந்த விதியைச் சொன்னவர் பின்னாளில் முசோலினியின் கட்சியில் போய்ச் சேர்ந்தார் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜனநாயகம் சாத்தியமே இல்லை என்று நம்பிவிட்டால், மிச்சமிருப்பது நல்ல தலைவரைத் தேடுவதுதானே.

இந்த இரண்டு அவநம்பிக்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பேச வேண்டியது கேரள தினேஷ் பீடி. தாமஸ் ஐசக், ரிச்சர்ட் ஃபிராங்கி, பியாரலால் ராகவன் மூவரும் இக்கூட்டுறவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1998இல் வந்தது. பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு 1968இல் நடைமுறைப்படுத்தியபோது, மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் இருந்த தங்கள் பீடிக் கம்பெனிகளை இழுத்து மூடினார்கள். சுமார் 12,000 பேர் வேலையிழந்தார்கள். 1969 பிப்ரவரியில் அரசின் உதவியோடு கூட்டுறவு பிறந்தது. உச்சத்தில் 42,000 பேர் வரை அதில் வேலை செய்தார்கள். குறைந்தபட்சக் கூலி, பஞ்சப்படி, பிரசவ விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் கிடைத்தன. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றி, கழிவு போகக் கூலி வாங்கும் பீடித் தொழிலாளிக்கு இவை கனவு.

முதலாளி போனான், பஞ்சப்படி வந்தது. இது மட்டுமே ஜனநாயகம் ஆகிவிடாது. என்னைக் கவர்ந்தது, கூட்டுறவுக்கும் முந்தைய ஒரு வழக்கம். மலபாரின் பீடிக் கம்பெனிகளில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்குபோட்டுச் சுற்றித் தருவார்கள். கையும் காதும் ஒருசேர வேலை செய்தன. பிறகு விவாதம், சண்டை. பொதுச்சபையில் கைதூக்குவதற்கு முன்பே அபிப்பிராயம் வைத்துக்கொள்ளப் பழகிய மனிதர்கள் இவர்கள். மிஷெல்ஸின் விதி எங்கே தடுக்கி விழுகிறதென்றால் இங்கேதான். தலைமை நிரந்தரமாவதற்கு அவர் சொல்லும் காரணங்களில் முக்கியமானவை, கீழே இருப்பவர்களின் அக்கறையின்மையும் விஷயம் தெரியாமையும். அவற்றை இயற்கை என்று எடுத்துக்கொண்டார். அவை தயாரிக்கப்படுபவை, ஆகவே மாற்றக்கூடியவை.

ஆனால் கதை இங்கே முடிந்தால் அது பிரச்சாரம். முதலாளியை எதிர்த்துப் பிறந்த அமைப்புக்கு எதிரி தெரிந்தவரை வேகம் இருந்தது. தொண்ணூறுகளில் வந்த மாற்றத்துக்கு முகம் கிடையாது. புகைக்கும் பழக்கம் குறைகிறது. சட்டக்கூலி தராத போட்டியாளர் மலிவாக விற்கிறார். 1999இல் பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் மேலே, தாங்கள் செய்யும் பண்டமே வாங்குபவனின் நெஞ்சை அரிக்கிறது என்ற உண்மை. யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது? 1997 முதல் உணவுப் பொருள், குடை என்று கூட்டுறவு வேறு தொழில்களுக்குள் போனது. இருந்தும் பீடித் தொழிலாளர் எண்ணிக்கை பின்னால் சில ஆயிரமாகச் சுருங்கியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழிலாளர்களில் பெண்கள் பெரும்பான்மையான பிறகும் இயக்குநர் குழுக்களில் ஆண்களே அதிகம் இருந்தார்கள். உலகச் செய்தியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிய அமைப்பு, வேலை முடிந்ததும் அடுப்படிக்கு ஓடுகிறவர் எந்த நேரத்தில் கூட்டத்துக்கு வருவார் என்ற கேள்வியைப் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்றே படுகிறது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோண்ட்ரகோன் கூட்டுறவுகளின் முதல் தொழிற்சாலையான உல்கோரில் 1974இல் வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கிய 17 பேரை வெளியேற்றினார்கள். பொதுச்சபையே வாக்களித்து அதை உறுதி செய்தது. எல்லாம் முறைப்படிதான். 1978இல் அதே சபை அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வாக்களித்தது. முதல் வாக்கெடுப்பைவிட இந்த இரண்டாவதையே ஜனநாயகத்தின் சான்றாக நான் எடுத்துக்கொள்வேன். உல்கோர் வழிவந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் திவாலானபோது, அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சகோதரக் கூட்டுறவுகளில் இடம் தேட முயன்றார்கள். தொழில் செத்தாலும் ஆளைக் கைவிடாதிருக்கும் ஏற்பாடு அது.

மாற்றத்தை எதிர்கொள்வது என்பதை இன்று மேலாண்மைக்காரர்கள் தலைமையின் சாமர்த்தியமாகச் சுருக்கிவிட்டார்கள். எனக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே போக, சொன்னவருக்குத் தண்டனை இல்லாத ஒரு வழி இருக்கிறதா? தன் தவறான தீர்மானத்தைச் சபை தானே திரும்ப எடுத்துப் பார்க்க முடிகிறதா? மாற்றத்தின் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோமா? இந்த மூன்றும் இல்லாவிட்டால் தேர்தல் நடத்தியும் பயனில்லை, தலைமையை ஒழித்தும் பயனில்லை. பீடி சுற்றியவர்கள் தங்களில் ஒருவரை வாசிக்க விட்டு, அவருடைய வேலையைத் தாங்கள் சுமந்தார்கள். நம் பத்துப்பேர் குழுவில் அடுத்த கூட்டத்தில் வரவு செலவை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.