திருவரங்கத்துத் திருமதில்களும் பரத்வ ஸௌலப்யங்களும்

திருவரங்கம் பெரிய கோயிலின் கட்டடச் சிறப்பை எடுத்துரைக்கும் இக்கால நூல்கள் பெரும்பாலும் அளவுகளோடு நின்றுவிடுகின்றன. ஏழு திருச்சுற்றுகள், 156 ஏக்கர் பரப்பு, 21 கோபுரங்கள், 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து 1987ஆம் ஆண்டு நிறைவெய்திய ராஜகோபுரம் என்னும் கணக்குகளில் பிழை ஏதுமில்லை. ஆயினும் மிக உயர்ந்த கோபுரம் மிகப் புறத்தே நிற்க, பெரிய பெருமாள் பள்ளிகொண்டருளும் ப்ரணவாகார விமானம் அதனினும் மிகத் தாழ்ந்திருப்பது ஏன் என்ற வினாவுக்கு இக்கணக்குகள் விடை தருவதில்லை.

பூர்வாசார்யர்களின் நெறியில் நின்று நோக்குவார்க்கு விடை அரிதன்று. தொலைவிலிருந்தே காண நிற்கும் கோபுரம் எம்பெருமானின் பரத்வத்தைக் காட்டுகிறது. வாசல்தோறும் புகுந்து செல்பவன் முடிவில் காண்பது, கண்ணுக்கு எட்டும்படி சயனித்தருளும் ஸௌலப்யத்தையே. கூரத்தாழ்வானின் திருக்குமாரரான பராசர பட்டரும் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தின் பூர்வ சதகத்தில், காவிரியும் சோலைகளும் தொடங்கி, மதில்களையும் கோபுரங்களையும் கடந்து, விமானத்தையும் எம்பெருமானையும் அநுபவிக்கும் முறையில் அருளிச்செய்துள்ளார். ஸேவிப்பவன் நடக்கும் வழியே அங்கு நூலின் வைப்புமுறை ஆயிற்று.

இத்திருநகர் ஒருவர் வகுத்த திட்டமன்று. பல நூற்றாண்டுகளில் பல அரசர்கள் செய்த கைங்கர்யங்களின் தொகுதி. பட்டர் காலத்தில் இன்றைய ராஜகோபுரமும் இல்லை. ஆகவே இப்பொருள் பின்னர் ஏற்றிக் கூறப்பட்டது என்று ஆட்சேபிக்கலாம். திருமதில்கள் காலந்தோறும் வளர்ந்தன என்பது உண்மையே. எனினும் பின்வந்தோர் மூலஸ்தானத்தைப் பெரிதாக்காமல் புறத்தேயே சேர்த்துச் சென்றனர் என்பது நோக்கத்தக்கது. மூலத்தை மாற்றாமல் வ்யாக்யானம் விரிவதுபோல நகர் விரிந்தது. கருத்து ஒருவருடையதாக இல்லாவிடினும் மரபினுடையதாக இருக்கத் தடையில்லை.

நான்காம் திருச்சுற்றான ஆலிநாடன் திருவீதியைப் பற்றிய ஐதிஹ்யம் இதற்குத் துணையாகும். திருமங்கையாழ்வார் மதில் எடுப்பித்தபோது, தொண்டரடிப்பொடியாழ்வாரின் புஷ்ப கைங்கர்யத்துக்கு இடையூறு நேராதபடி அவ்விடத்தை விலக்கிக் கட்டுவித்தார் என்பர். மதிலின் நேர்மையைவிட அடியவரின் பூங்குடலை பெரிதாகக் கருதப்பட்டது. அளவுகோலை மட்டும் கையிற்கொண்டவர் இதைக் கட்டடக் குறையென்றே கொள்வர்.

புறத்திருச்சுற்றுகளைப் பற்றிய பிழை இதனினும் பெரிது. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி ஆகியவற்றைக் கோயிலைச் சூழ்ந்த குடியிருப்பு என்று கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவையும் மதில்களுக்குள் அடங்கிய திருச்சுற்றுகளே. தைத்தேர் உத்தர வீதிகளிலும், சித்திரைத்தேர் சித்திரை வீதிகளிலும் எழுந்தருளுகின்றன. நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும் இடத்தைக் கோயிலுக்குப் புறம்பென்பது எங்ஙனம் பொருந்தும்? ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தத்தின் சொல்லில் கூறினால், நகர் சரீரமும் எம்பெருமான் சரீரியுமாக நிற்கின்றனர்.

இவ்வுணர்வு மங்குமாயின் சேதம் எழுத்தோடு நில்லாது. கோபுரத்துக்கு வர்ணம் தீட்டுவதே திருப்பணியென்றும், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகளை இடித்து மாடிகள் எழுப்புவது தனியார் விவகாரமென்றும் கருதும் நிலை உண்டாகும். தேர் வரும் வீதியில் திருவாசலில் நின்று ஸேவிக்கும் இல்லமும் இத்திருநகரின் கட்டட அமைப்பில் ஓர் அங்கம். அதை விட்டுக் கோபுரத்தை மட்டும் புகழும் நூல், வாசலிலேயே நின்று திரும்பியவனின் நூலாகும்.