கழுத்தை மட்டும் பிடிக்கும் டை

மெல்போர்னில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். மேசை மேல் புது டை ஒன்று, பக்கத்தில் சுட்டு முடித்த .308 பித்தளைக் கூடுகள் இருபது. "மாமா, இந்த டை கூட்டோட கழுத்தை மட்டும்தான் பிடிக்கும், உடம்பைத் தொடவே தொடாது. சுட்ட கூடு என் ரைபிள் சேம்பருக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. அதைப் போய் மறுபடி எதுக்கு நசுக்கணும்? கிளப்புல பெரியவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று குரல் செய்தியும் வந்தது.

சுட்ட கூட்டை டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி தோட்டா கட்டும் இந்தப் பேச்சுக்கே நம் நாட்டில் இடமில்லை. தோட்டாத் தயாரிப்பை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமத்துக்குள் வைத்திருக்கிறது; வீட்டு மேசையில் தோட்டா கட்டும் பழக்கம் இங்கே வேர்விடவில்லை. ஆனால் டை எனக்குத் தெரியும். சென்னை மூலக்கொத்தளத்துச் சந்தில் முப்பது வருஷம் பிரஸ் டை கட்டியவன் நான். 'அளவெடுத்துத் தைச்ச சட்டை' என்ற சொல் அன்று என் காதில் நன்றாக விழவில்லை.

கழுத்து டைக்குச் சேர வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கூட்டின் உடம்பையும் சேர்த்து அழுத்தும் முழு நீள டைக்குக் கிரீஸ் வேண்டும். தடவ மறந்தால் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும், விளிம்பு பிய்ந்து வரும். கழுத்து டையில் அந்தத் தொல்லை குறைவு. பழைய .303 லீ என்ஃபீல்டுக்கு அது நியாயமான தேர்வும்கூட. அந்தக் கூடு நிற்பது பின் விளிம்பில். தோட்டா உட்காரும் சேம்பரோ சேற்றுக்கும் புழுதிக்கும் இடம் விட்டுத் தாராளமாகக் கடைந்தது. போல்ட் பூட்டுவதும் பின்பக்கம். அப்படிப்பட்ட கூட்டின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, ஒவ்வொரு முறையும் அடிவரை அழுத்தினால் அடிப்பக்கம் இழுபட்டு மெலியும். வளைத்த கம்பி முனையை உள்ளே விட்டுத் தடவினால் அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டும். அடுத்த சூட்டில் கூடு இரண்டாகும். இது உண்மை. இதோடு என் தாராளம் முடிந்தது.

'கூடு சேம்பரைப் போலவே ஆகிவிடுகிறது' என்பதுதான் அந்த வாதத்தின் உயிர். அங்கேதான் அது தவறுகிறது. சுடும்போது பித்தளை சேம்பர் சுவரில் போய் ஒட்டுகிறது, பிறகு கொஞ்சம் பின்வாங்குகிறது. எங்கள் தொழிலில் இதை ஸ்பிரிங் பேக் என்போம். பின்வாங்குவதால்தான் கூடு வெளியே வருகிறது. அழுத்தத்தில் எஃகுச் சுவரும் மயிரிழை விரிந்து திரும்பும். ஆக, வெளியே வரும் கூட்டின் அளவு சேம்பரின் அளவும் இல்லை, டையின் அளவும் இல்லை. அன்றைய மருந்தும் பித்தளையின் பதமும் சேர்ந்து முடிவு செய்த அளவு. அதை அச்சாக வைத்துக்கொண்டு அடுத்த தோட்டாவைக் கட்டுவதென்றால், அளவுகோலையே ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்வதாகும்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1955இல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியதிலிருந்து புல்லட் வண்டியோடு வாழ்ந்த ஊர் அது. இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகம் செய்துகொடுத்த வழியில்தான் வண்டிக்கு அந்தப் பெயரே வந்தது. அதன் சின்னத்தில் பீரங்கி இருப்பதும் சும்மா இல்லை. பழைய புல்லட் 350இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். ஓடி ஓடி அது வட்டமாக இருக்காது, பிஸ்டன் தள்ளும் பக்கம் தேய்ந்து முட்டை வடிவம் ஆகும். ரீபோர் போடுகிறவர் சிலிண்டரைக் கையில் வாங்கியதும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளப்பார். 'பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டது, விடுங்கள்' என்று சொல்லும் வண்டிக்காரரை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையோடுதான் என் மருமகன் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். பழகியது என்றாலும் பிஸ்டன் வண்டியில் ஒரே பக்கம் பார்த்தே ஓடுகிறது. தோட்டாக் கூடு அப்படியா? சேம்பர் துளியும் கோணல் இல்லாத வட்டமாக இருப்பதில்லை. போன முறை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வருமாறு யார் அடையாளம் வைத்துச் செருகுகிறார்கள்? பத்துக் கூட்டில் ஒன்பது திரும்பித்தான் உட்காரும். ஒரு பக்கக் கோணலுக்கு வளர்ந்த கூட்டை இன்னொரு பக்கத்தில் திணிப்பதற்குத்தான் 'பொருத்தம்' என்று பெயர்.

பழகிய அளவு என்ற பேச்சில் நானும் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். பித்தளை பல்பு ஹோல்டர் கூடு இழுக்கும் வேலை. கம்பெனிக்காரர்கள் டிராயிங் கொடுக்கவில்லை. மூடி ஒன்றைக் கொடுத்து, 'இதுக்கு ஃபிட் ஆகுற மாதிரி டை கட்டுங்க' என்றார்கள். அந்த மூடி வேறொரு தேய்ந்த டையில் வந்தது என்பது எனக்குத் தெரியாது. கட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் புது மூடி வந்தது, என் கூடு ஒன்றுகூடச் சேரவில்லை. நானூறு உருப்படி திரும்பியது, பணமும் பிடித்தார்கள். அன்றிலிருந்து அளவு எழுதாத பொருத்தத்தை நான் நம்புவதில்லை. மருமகன் விஷயத்தில் என் கோபம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

கூடு நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர்களுடைய இரண்டாவது வாதம். கூடு எங்கே சாகிறது என்று பார்க்காமல் சொல்வது. பெரும்பாலும் கழுத்தில்தான் விரிசல் விடும். கழுத்து டையும் அதே கழுத்தைத்தான் ஒவ்வொரு முறையும் நசுக்கிப் பிறகு விரிக்கிறது. குளிர்ந்த நிலையில் அடி வாங்க வாங்கப் பித்தளை இறுகும். இறுகியதைப் பதம்போட்டு இளக்கவில்லை என்றால் எந்த டை வைத்திருந்தாலும் வெடிப்புதான். பித்தளைக்குள் தங்கும் இறுக்கம் என்ன செய்யும் என்பதை உலகம் நம் மண்ணில்தான் கண்டது. ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். குதிரை மூத்திரத்தின் அமோனியாவும், இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கினார்கள்.

எனக்கு ஆறாத குறை இது: கழுத்து டைக்காரரிடம் மாறாத அளவு என்று ஒன்றுமே இல்லை. முதல் சூட்டில் கூடு தளர்வாக இருக்கும், மூன்றாவதில் சரியாக இருக்கும், ஐந்தாவது ஆறாவதில் போல்ட் கைப்பிடி கனக்கும். அப்போது என்ன செய்கிறார்? ஓரமாகக் கிடந்த முழு நீள டையைத் தூசி தட்டி எடுக்கிறார். அதற்குப் பிறகு அதே டப்பாவில் மூன்று விதமான கூடு. குறி விலகினால் காற்றைத் திட்டுவார். ரைபிளை மேசை மேல் தாங்கலில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் இடைவேளையில் மேசையிலேயே கழுத்தை மட்டும் அளவிட்டுச் சுட்ட காலம் உண்டு; அவர்களிலேயே பலர் முழு நீளத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கிளப் பெரியவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

முழு நீள டையையும் கண்ணை மூடிக்கொண்டு அடிவரை திருகச் சொல்லவில்லை. அதுவும் அளக்காத வேலைதான். .308க்குச் சேம்பர் கேஜில் போகும் அளவு 1.630 அங்குலம், போகக் கூடாதது 1.634, அந்த நான்கு தவ்வுக்குள்தான் பேச்சே; தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுட்ட கூட்டின் தோளை அளந்து, டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தோள் இரண்டு தவ் மட்டும் பின்னால் போகும் இடத்தில் நட்டை இறுக்கினால் போதும். கழுத்து விட்டத்தின் ஒவ்வொரு தவ்வுக்கும் ஒரு புஷ் மாற்றிக்கொள்ளும் விலை உயர்ந்த டைகளும் இப்போது மோஸ்தர். கழுத்துச் சுவரின் கனத்தை அளக்காதவருக்கு அந்தப் புஷ் எல்லாம் பொம்மைப் பெட்டி.

மருமகனுக்கு இதையெல்லாம் எழுதவில்லை. எழுதினால் மாமா கிழவனாகிவிட்டார் என்பான். "இருபது கூட்டிலும் மார்க்கரால் நம்பர் போடு மாப்ளே. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு தோள்வரை நீளம் எவ்வளவு, போல்ட் எப்படி மூடுச்சுன்னு நோட்டுல குறிச்சுக்கிட்டே வா. ஆறாவது சூட்டுக்கு அப்புறம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நான்காவது சூடு வரை குறித்த பக்கம் நேற்று வந்தது. ஏழாம் நம்பர் கூட்டுக்கு எதிரே, எண்ணுக்குப் பதிலாக, 'கொஞ்சம் டைட்' என்று எழுதியிருந்தான்.