சொல்லைப் பெயர்ப்பதா, பொருளைப் பெயர்ப்பதா?

ஆங்கிலக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார், சொற்பட்டியல்களும் தொகுத்தார். 1916இல் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனவே ஒரு சங்கம் கண்டனர். அன்றுதொட்டு நடந்துவரும் வாதம் பெரும்பாலும் ஒன்றே: வடசொல்லா, தனித்தமிழா, ஆங்கிலமேயா? சொல்லின் குலத்தை விசாரிக்கும் நாம், அது மாணவனுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்று விசாரிப்பதில்லை.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "ஐயா, நாம் வெளிவிடும் கரிவளியும், மூடிய காருக்குள் ஆளைக் கொல்கிற வளியும் ஒன்றுதானா?" வேறு வேறு என்றேன். "அப்படியானால் அதற்குத் தமிழில் பெயர் என்ன?" என்றான். நான் சற்றுத் திகைத்து நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. கரிவளி என்பது காதுக்கினிய சொல். ஆயினும் கரியும் ஆக்சிஜனும் சேர்ந்த வளிகள் இரண்டு உள. ஒன்று நாம் மூச்சில் வெளிவிடுவது. மற்றொன்று நிறமும் மணமுமின்றி வந்து, குருதி ஆக்சிஜனைச் சுமக்கவொட்டாமல் தடுத்து உயிர்கொள்வது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட அச்சொல்லால் இயலவில்லை.

அதனால் ஆங்கிலத்தை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் போதும் என்று கொள்ளலாகாது. ஆக்சிஜன் என்ற பெயரே ஒரு பிழையிற் பிறந்தது. அமிலங்கள் அனைத்துக்கும் அதுவே காரணம் என்றெண்ணி, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட லவாசியே கிரேக்க வேரிலிருந்து அதனை ஆக்கினார். 1810இல் ஹம்பிரி டேவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை எனக் காட்டினார். ஜெர்மானியர் அப்பெயரைப் 'புளிப்புப் பொருள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால், பிழையையும் தம் மொழியில் நிலைபெறச் செய்துவிட்டனர். நம்மவரோ பிராணவாயு என்றும், உயிர்வளி என்றும் அதன் தொழிலைக் கண்டு பெயரிட்டனர். இது சொல்லைப் பெயர்த்ததன்று, பொருளைப் பெயர்த்தது. எனவே உயிர்வளியைப் பாராட்டுகிறேன். ஆனால் அது தனித்து நிற்கும் சொல். பிற பொருளோடு கூடிக் குடும்பம் நடத்த வல்லதன்று.

குடும்பமாய் வரும் சொற்களுக்கு வழிகாட்டியவர்கள் ஈழத்துத் தமிழாசிரியர்களே. தமிழகப் பாடநூல்கள் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என எழுதுகின்றன. 'டை' என்பது தமிழ்ப்பிள்ளைக்கு வெற்றொலி. இலங்கைப் பாடநூல்களோ காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு என்கின்றன. உலகப் பெயர் கெடவில்லை, அயலெழுத்து நீங்கிற்று, உள்ளே ஈரும் ஓரும் நின்று கணக்குச் சொல்கின்றன. அயற்சொல்லைத் தமிழெழுத்தால் எழுதுக என்ற தொல்காப்பிய நெறியின் வழிவந்ததே இது. ஒலிப்பது கடினம் என்பார் உளர். இரண்டுநாட் பயிற்சியில் தீரும் கடினம் அது. பொருள் மயக்கமோ ஆண்டுக்கணக்கில் நிற்பது.

இவ்விரு வழிகளையும் நம் தோட்டத்து முன்னோர் எந்தக் குழுவும் கூட்டாமலே கையாண்டனர். கண்ணாற் கண்ட மரத்தைப் பால்மரம் என்றனர். வெட்டுவாயில் உறைந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்றனர். வெள்ளைக்காரனோடு வந்த 'பரேடு' என்ற ஏற்பாட்டையோ பெரட்டு என்று தம் நாவுக்கிசைய ஆக்கிக்கொண்டனர். பத்துகாஜா வட்டாரத்தில் பால்மரங்கள் செம்பனைக்கு இடம்விட்ட பின்னும் அச்சொற்கள் முதியோர் பேச்சில் வாழ்கின்றன. ஆக்கியோர் பொருளை அறிந்திருந்தனர் என்பதே காரணம்.

இஃது ஏட்டு வாதமன்று. 2003இல் இந்நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. தாய்மொழிக்கே திருப்புவதென 2009இல் முடிவாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலத்திற் கற்பித்த ஆசிரியர்கள், தமிழ்ச்சொற்களை மீண்டும் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகளோ ஆறாண்டு கழிந்ததும் இடைநிலைப்பள்ளி சென்று, கார்பன் டியோக்சிடா, கார்பன் மோனோக்சிடா என்று மலாயில் படிக்கின்றனர். கரிவளி என்று மட்டும் கற்றவன் அங்கே புதிதாகத் தொடங்குகிறான். ஈரும் ஓரும் கற்றவன் அச்சொற்களின் அமைப்பை முன்பே அறிந்தவனாகச் செல்கிறான்.

ஆகவே பாடநூல் எழுதுவோரிடம் வேண்டுவது இதுவே. தனித்து நிற்கும் பொருளுக்கு அதன் தொழில் விளங்கத் தமிழ்ப்பெயர் இடுக. குடும்பமாய் வருவனவற்றுக்கு உலகப்பெயரை ஏற்று, உறவைத் தமிழால் காட்டுக. ஒருமுறை இட்டதை நூலுக்கு நூல் மாற்றாதிருக்க. அன்று கேட்ட மாணவனுக்கு, தயங்கித் தயங்கி ஈழத்துச் சொல்லையே கரும்பலகையில் எழுதினேன். "ஓர் என்றால் ஒன்றுதானே, ஐயா?" என்றான். பாடம் அங்கே முடிந்தது.