சாத்தன் என்னும் பெயர்

தமிழிலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவன் எழுவாயையும் பயனிலையையும் பெரும்பாலும் ஓர் ஆடவன் வாயிலாகவே அறிகின்றான். சாத்தன் வந்தான், சாத்தன் உண்டான் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தந்தமைக்குக் காரணம் அப்பெயர் பண்டு எங்கும் மலிந்து வழங்கியமையே போலும். இன்றோ அதனைத் தாங்கிய பிள்ளையை வகுப்பறையிற் காண்டல் அரிது. பெயர் அருகவே அதன் பொருளும் மயங்கிற்று. அம்மயக்கத்தால் விளைந்த இழுக்குகளுட் பெரியது மணிமேகலை ஆசிரியர்மேல் ஏற்றப்பட்ட கதையாகும்.

பிறர் செய்யுளிற் பிழை காணுந்தோறும் சாத்தனார் எழுத்தாணியால் தம் தலையிற் குத்திக்கொண்டார். அதனாற் சீழ் பிடித்த தலையராய்ச் சீத்தலைச் சாத்தனார் எனப்பட்டார் என்பது கதை. திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரால் உள்ள வெண்பா, முப்பாலாற் சாத்தனாரின் தலைக்குத்துத் தீர்ந்ததென்று மட்டுமே கூறும். ஆண்டு எழுத்தாணியுமில்லை, சீழுமில்லை. சீத்தலை ஊர்ப்பெயர் என்று கொள்வதே பொருந்தும். குமணனைப் பாடிய புலவர் பெருந்தலைச் சாத்தனார். பெருந்தலை என்பதும் ஊரே என்பர். ஒரு புலவரின் அடைமொழியில் ஊரைக் கண்டு, மற்றவரின் அடைமொழியிற் புண்ணைக் காண்பது ஆராய்ச்சியன்று.

இனி, சாத்தன் என்னும் பெயருக்கு வருவோம். இதற்கு இருவேறு மூலங் கூறப்படும். வடமொழியிற் சார்த்தம் என்பது வணிகக் கூட்டம். அதுவே தமிழிற் சாத்து ஆயிற்று. சாஸ்தா என்பது நெறிப்படுத்துவோன், ஆசான் என்னும் பொருளது. அமரகோசம் அதனைப் புத்தர் பெயர்களுள் ஒன்றாக வைத்தது. தமிழ் நிகண்டுகள் சாத்தனை ஐயனார் பெயராக்கின. பாளியில் இவ்விரு சொற்களும் ஈற்றுயிர்க் குறில் நெடில் வேறுபாடொன்றால் மட்டுமே பிரிந்து, முறையே சத்த, சத்தா என நின்றன. அம்மொழியிற் புத்தர் ஆசானாகவும் சாத்துத் தலைவராகவும் போற்றப்படுதல் நோக்கத்தக்கது. ஆதலின், இவ்விரு மூலங்களும் தமிழில் ஒருங்கே கலந்தமை வியப்பன்று.

வணிகப் பொருளை வற்புறுத்துவோர் கூலவாணிகன் சாத்தனாரையும் கோவலன் தந்தை மாசாத்துவானையும் சான்றாக்குவர். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குஸைர் அல்-கதீமில் 1978 முதல் 1982 வரையான காலத்து அகழ்வுகளிற் கிடைத்த ஓடுகளில், கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் உள்ளன. சாதனைச் சாத்தன் எனக் கொள்வர். சான்று சிறந்ததே, எனினும் வணிகன் ஒருவன் அப்பெயர் பூண்டமையால் அப்பெயர்க்கு வணிகன் என்பது பொருளாகாது. மாசாத்துவான் என்பது மாநாய்கன் போன்ற சிறப்புப் பெயர். பெற்றோர் இட்ட பெயரன்று. மேலும், புறநானூற்றில் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் வேல்வீரன். அவன் மறைந்தபின் பூத்த முல்லையை நோக்கிக் குடவாயிற் கீரத்தனார் வருந்திப் பாடினார். பாண்டியன் கீரஞ்சாத்தனும் போர்மறவனே. இவர்களைச் சாத்தோடு இணைத்தல் அரிது.

பௌத்தப் பெயரென்பாரும் இவ்விடத்தே இடர்ப்படுவர். மணிமேகலை பௌத்த காப்பியம் என்பது நூலால் விளங்குவது. ஆசிரியர் பெயரால் விளங்குவதன்று. சங்கச் சாத்தர் பலரிடத்தும் பௌத்தச் சார்பு புலப்படவில்லை. மாறாக, சிலப்பதிகாரத்துப் பாசண்டச் சாத்தன் ஊரிற் கோட்டங்கொண்ட தெய்வம். இறந்த குழவியின் உருக்கொண்டு வந்து மாலதியின் துயர் துடைத்த அத்தெய்வத்தின் பெயரைப் பெற்றோர் தம் மகனுக்கு விரும்பி இட்டனர் என்பதே இயல்பு. வன்னியிற் குளக்கட்டை அடுத்துக் காவல் நிற்கும் ஐயனாரும் அவனே.

காவற்றெய்வத்தின் பெயர் பின்னர்த் தாழ்ந்தது. குட்டிச்சாத்தன் ஏவற்பேயாயினான். விவிலியத்தின் வழி வந்த சாத்தான் எபிரேயச் சொல்லாயினும், ஒலியொப்புமையால் அப்பழியும் இப்பெயர்மேற் படிந்தது போலும். மலையாள நாட்டில் மட்டும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே அது மக்கட்பெயராக நிலைத்தது. 1957இற் கேரளத்தில் அமைந்த முதல் அமைச்சரவையில் அமைச்சராக வீற்றிருந்தவர்களுள் ஒருவர் பி. கே. சாத்தன்.